சுவாதியைப் பிடித்துக்கொண்டு போ

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கோ என்று மீன்பிடிச் சங்கத்தில் கேட்டார்கள். இரண்டு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். ரேடியோ அறையில் இருந்து காலம் முழுக்கக் கதைத்தவனைக் கொண்டுபோய் வீட்டில் இருத்திவிட்டார்கள். இப்போது என் மனுசி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறாள். ஆகவே நீங்கள் மூன்று பேரும் அகப்பட்டுவிட்டீர்கள்.

ரேடியோ செட்டை எப்படித் திருப்புவது, எந்த அலைவரிசையில் எந்தப் போட் நிற்கும், காலை அறிக்கையை எப்போது வாசிப்பது என்பதெல்லாம் ஒரு கிழமையில் கைக்கு வந்துவிடும். அதைச் சொல்லித்தர நான் தேவையில்லை. "கடலில் ஏதோ தெரியுது" என்று ஓர் ஆள் போனில் கூப்பிட்டால் அந்தப் பேச்சை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்தேன்.

அறையை நன்றாக மாற்றியிருக்கிறீர்கள். குளிரூட்டி போட்டிருக்கிறது, ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு மேசை, கால் ஆடுகிற ஒரு கதிரை, கதவு பூட்டாத ஓர் அலுமாரி, அவ்வளவுதான். கீழே மீன் இறக்குகிற இடம், பக்கத்து வளவில் கருவாடு காயும், அந்த மணம் முழுக்க ஜன்னலால் மேலே வரும். அந்த நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியிருக்கிறேன். இன்று படியேறி வரும்போது அந்த மணம் இல்லையே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

வாடைக் காற்று ஓய்ந்து கடல் படுத்துவிடுகிற சித்திரை மாதத்தில்தான் எங்கள் பக்கம் தொழில் களைகட்டும். அந்த மாதத்தில்தான் அந்தப் போன்களும் வரும். பொழுதுபட்டு இருட்டு விழுகிற நேரம், நிலாவெளிக் கரையில் இருந்து ஒருவர் கூப்பிடுவார். "சேர், கடலுக்க தீ எரியுது." குச்சவெளியில் இருந்து இன்னொருவர் எடுப்பார். "பெரிய போட் ஒண்டு நிக்குது, சிவப்பும் பச்சையுமா லைட் அடிக்குது." எல்லோரும் சொல்வது ஒரே திசை. கிழக்குக்குக் கொஞ்சம் வடக்காக, கடலும் வானமும் ஒட்டுகிற இடத்தில், செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

நான் சேர்ந்த முதல் சித்திரையில் அப்படி ஒரு போன் வந்தபோது சங்கத் தலைவர் அறையில்தான் இருந்தார். அவர் நல்ல மனுசர், ஆனால் அவசரக்காரர். எரிவது யாருடைய போட் என்று பதறி, கடலில் நின்ற இரண்டு போட்டுகளை உடனே அனுப்பச் சொன்னார். அதில் ஒன்றை ஓட்டியவன் சாம்பல்தீவுச் சிவராசா. அவனை உங்களுக்குத் தெரியும், இப்போதும் மீன் சந்தையில் எல்லோரையும் சீண்டிக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். அன்றைக்கு இளந்தாரி. மெசினை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு ஓடினான். ஓட ஓட அந்த வெளிச்சம் கிட்ட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் கூப்பிட்டான்.

"அண்ணை, தீ மேல ஏறுது."

"என்னடா மேல ஏறுது?"

"எரியிற போட்தான். கடலை விட்டுக் கிளம்பிட்டுது. இன்னும் கொஞ்சத்தில எங்கட தலைக்கு மேல வந்திடும் போல. சிறகு முளைச்ச போட் ஆருடையதெண்டு தலைவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."

தலைவரின் முகம் கறுத்துவிட்டது. அடுத்த நாள் சந்தையில் எங்கள் சங்கத்துக்கு "வான்பிடிச் சங்கம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலைவர் மீன் வாங்கப் போனால், "என்ன தலைவர், நிலாவில எத்தினை வலை விட்டிருக்கிறியள்?" என்று கேட்பார்களாம். அந்த மனுசர் பிறகு எவ்வளவோ நல்ல வேலைகள் செய்தார், ஆனாலும் ஊர் அந்தப் பகிடியை விடவே இல்லை. அவருக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

அது என்ன வெளிச்சம் என்று எனக்கு அறியவேண்டும்போல் இருந்தது. தினமும் காலையில் காற்று, மழை அறிக்கை கேட்க ஒரு வானிலை நிலையத்துக்குப் போன் எடுப்போம். அன்று அறிக்கை எழுதி முடித்ததும் மெதுவாகக் கேட்டேன். மறுபக்கம் ஒரு பெண் குரல், என்னைவிட வயது குறைந்தவர் என்று குரலிலேயே தெரிந்தது. மற்றவர்களைப்போல் அவர் சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம் ஐயா? நேர் கிழக்கோ?"

"இல்லை மிஸ், கொஞ்சம் வடக்கால."

"தோடம்பழ நிறமோ, செம்மஞ்சளா?"

"ஓம்."

"அப்ப அது சுவாதி நட்சத்திரம். ஆறுதலா இருங்கோ, ஒருத்தரும் எரியேல்ல."

அன்றில் இருந்து அவர் எனக்கு வானிலை மிஸ். பெயர் சொன்னால் கோபிப்பார், ஆகவே சொல்லப்போவதில்லை. பௌதிகம் படித்தவர். வருசக்கணக்காக அவர் முகத்தை நான் கண்டதில்லை. தினமும் காலையில் அறிக்கை முடிந்த பிறகு இரண்டு கேள்வி கேட்பேன், அலுக்காமல் பதில் சொல்வார். என்னை ஒருநாளும் மட்டம் தட்டியதில்லை. எனக்கு வாய்த்த ஒரே குரு அவர்தான்.

நட்சத்திரம் என்றால் வெள்ளையாகத்தானே இருக்கவேண்டும், இது ஏன் செம்மஞ்சள் என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்கட வீட்டில கரண்ட் குறைஞ்சா குண்டு பல்ப் என்ன நிறத்துக்கு வரும்?"

"மங்கி, இந்த நிறத்துக்குத்தான் வரும்."

"ஏன்? உள்ளுக்க இருக்கிற கம்பிக்குச் சூடு குறைஞ்சிட்டுது. இதுவும் அப்பிடித்தான். சூரியன்ர மேற்பரப்பு ஐயாயிரத்துச் சொச்சம் பாகை. சுவாதிக்கு நாலாயிரத்துச் சொச்சம்தான்."

"சூடு குறைஞ்சா வெளிச்சமும் குறையத்தானே வேணும், மிஸ்? இது மினுங்கித் தள்ளுதே."

"ஒரு மங்கல் பல்ப்புக்குப் பதிலா தெரு முழுக்க மங்கல் பல்ப் கட்டினா?"

அப்போதுதான் சொன்னார். அந்த நட்சத்திரத்தின் குறுக்களவு சூரியனைப்போல் இருபத்தைந்து மடங்காம். ஒவ்வொரு இடத்திலும் சூடு குறைவு என்றாலும் அவ்வளவு பெரிய பரப்பில் இருந்து வருகிற வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் சூரியனைவிட நூறு மடங்குக்கும் மேலே. எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் பாரமும் இருபத்தைந்து மடங்கா என்று கேட்டேன்.

"அங்கதான் எல்லாரும் பிழை விடுறது, ஐயா. பாரம் கிட்டத்தட்ட சூரியன்ர அளவுதான், கொஞ்சம் கூட. ஒரே அளவு மாவை எடுத்து ஒரு ரொட்டியைத் தடிப்பாத் தட்டுங்கோ, மற்றதை மெல்லிசா அகலமாத் தட்டுங்கோ. அகலமானதைப் பாத்து மா கூட எண்டு சொல்லுவியளோ?"

"அது ஏன் மிஸ் அப்பிடிப் பெருத்தது?"

"வயசு போயிட்டுது. நடுவில எரிஞ்ச ஐதரசன் முடிஞ்சுது. நடு சுருங்கி இன்னும் சூடேறுது, அதைச் சுத்தியுள்ள இடத்திலதான் இப்ப எரியுது. அந்தச் சூட்டில வெளிப்பக்கம் ஊதி விலகிப்போச்சு. விலகினது ஆறிச் செம்மஞ்சளாச்சு. எங்கட சூரியனும் ஒருநாள் இப்பிடித்தான் ஆகும்."

"அப்ப சாகப்போற நட்சத்திரம்."

"வயசு போனதெண்டுதான் சொன்னனான். சாகப்போகுதெண்டு சொல்லேல்ல. நாங்கள் பாக்கப் பாக்க ஒண்டும் நடக்காது."

இப்போது எனக்கும் வயது போய்விட்டது. வயிறும் ஊதிவிட்டது, சூடும் கொஞ்சம் ஆறிவிட்டது. அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த வெளிச்சம் அங்கிருந்து இங்கே வர முப்பத்தேழு வருசம் எடுக்குமாம். நாங்கள் அன்று ஜன்னலில் பார்த்த வெளிச்சம் புறப்பட்ட நாட்களில் சண்டை நடந்தது, இந்தக் கடலில் இரவில் இறங்க ஒருவருக்கும் ஏலாது. அதை நினைத்துக்கொண்டு நான் அந்த ஜன்னலில் எத்தனையோ பொழுது நின்றிருக்கிறேன்.

தொழிலுக்கு உதவுகிற இரண்டு விசயமும் மிஸ்தான் சொல்லித்தந்தார். ஒன்று, கடலோடு ஒட்டி நிற்கும்போது காற்றின் குழப்பத்தில் அது சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும், அதைத்தான் ஆட்கள் போட் லைட் என்று நினைக்கிறார்கள். மற்றது, எங்கள் பக்கத்தில் அது அதிகம் சரியாமல் கிட்டத்தட்ட நேரே மேலே ஏறும். கையை நீட்டி விரலைப் படுக்கையாகப் பிடித்தால், ஒரு விரல் தடிப்பு ஏற ஏழெட்டு நிமிசம் எடுக்கும். அவசரப்படவும் மாட்டாது, நிற்கவும் மாட்டாது.

அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு வேலை சுகமாகிவிட்டது. சித்திரையில் போன் வந்தால், "அது சுவாதி, பயப்படாதேங்கோ" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். பொய்ச் செய்தி எதுவானாலும் அறையில் அதற்குப் பெயர் சுவாதி. எஞ்சின் கோளாறு என்று ஒருவன் சும்மா கூப்பிட்டால், "சுவாதி" என்று சொல்லிச் சிரிப்போம். பிள்ளைகள், இந்த இடத்தில் காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் கையில் ஆயத்தமாக இருக்கிற நாளில்தான் ஆட்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்கமாட்டோம்.

அது சில வருசம் கழித்து, மறுபடியும் ஒரு சித்திரை. இறக்கக்கண்டியில் இருந்து ரபீக் என்று ஒருவர், மனைவியின் தம்பி நஸீரோடு விடியச் சின்னப் போட்டில் போனவர். மத்தியானம் வரவேண்டிய ஆட்கள் வரவில்லை. சின்னப் போட் என்றபடியால் ரேடியோ இல்லை. ரபீக்கின் போனும் வேலை செய்யவில்லை. சொல்லவேண்டிய இடங்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அவர் வழமையாகப் போவது தெற்கே என்பதால் தேடப் போன போட்டுகள் எல்லாம் புறாத்தீவுக்குத் தெற்குப் பக்கம் பரவி நின்றன. எங்கள் சங்கத்துப் போட்டுகளை நான் அறையில் இருந்து ரேடியோவில் நடத்திக்கொண்டிருந்தேன். தலைவர் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

பொழுதுபட்டதும் தொழுகிற மஃரிப் தொழுகை முடிந்த கையோடு போன் அடித்தது. ரபீக்கின் மனைவி ஹமீதா. கரையில் நின்று எடுக்கிறார், பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது.

"சேர், கடல்ல ஒரு வெளிச்சம் தெரியிது. கிழக்கால. தோடம்பழம் மாதிரி."

அறையில் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்கள். தலைவர் பின்னால் நின்று, "சுவாதி" என்றார். சிரிக்காமல், சலிப்பாகச் சொன்னார். நாள் சரி, நேரம் சரி, திசை சரி, நிறமும் சரி. அந்த ஒரு வரி என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் குரல்தான் காரணம். மற்றவர்களைப்போல் அவர் பதறவில்லை. அழுது முடித்துவிட்டு, பார்க்கவேண்டியதைப் பார்க்க வந்த ஆளின் குரல் அது.

"மகள், அது மேல ஏறுதோ?"

"இல்ல சேர். அப்பயிருந்து பாத்துட்டுத்தான் இரிக்கன். தண்ணியோட ஒட்டித்தான் நிக்கிது. இடைக்கிடை மங்குது, பொறகு பெருக்குது."

"போனை வையாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ."

மற்றப் போனில் வானிலை மிஸ்ஸைக் கூப்பிட்டேன். அவர் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டிருந்தார், கதவடியில் இருந்து திரும்பி வந்து எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மங்குறதை வைச்சு முடிவு எடுக்காதேங்கோ, ஐயா. அந்த நட்சத்திரம் தன்ர பாட்டில மங்காது, ஆனா முகில் மறைச்சாலும் அப்பிடித்தான் தெரியும். கிழக்கில இப்ப முகில் இருக்கு, கடலுக்கு மேல ஒரு பட்டையாக் கிடக்குது. சுவாதி இண்டைக்கு உதிச்சுக் கொஞ்ச நேரமாச்சு. இப்ப அது முகிலுக்குப் பின்னால நிக்கவேணும்."

"அப்ப தண்ணியோட நிக்கிறது?"

"அதை இங்கயிருந்து என்னால சொல்ல ஏலாது. அந்தப் பிள்ளைக்குத்தான் கண் இருக்கு. அவவிட்டக் கேளுங்கோ."

அந்த நேரம் பார்த்து ஹமீதா சொன்னார். "சேர், அணைஞ்சிட்டு."

உடனேயே அவருக்குப் பின்னால் ஆட்கள் கூச்சல் போடுவது கேட்டது. ஹமீதா மறுபடியும் சொன்னார். "இந்தா, மேல வந்திட்டு சேர். முகிலுக்கு மேல. அதே நிறம்."

தலைவருக்கும் அது கேட்டது. "பாத்தீரா ஐசே. முகிலுக்குக் கீழ நிண்டது, முகிலுக்கை போனது, மேல வந்திட்டுது. சுவாதியேதான். அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லிப் போனை வையும். தெற்கில தேடுற போட்டுகளைப் பாரும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொன்னது பிழையாகத் தெரியவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தப் பக்கத்துக்குத் திருப்பக்கூடிய தூரத்தில் நின்றது ஒரே ஒரு போட். அதைத் தெற்கில் இருந்து எடுத்து, அங்கேதான் ரபீக் கிடக்கிறார் என்றால், இரண்டு உயிரை ஒரு நட்சத்திரத்துக்காக விட்டவன் நான். எடுக்காமல் விட்டு, வடகிழக்கில் கிடக்கிறார் என்றால் அதுவும் என் தலையில்தான். ரேடியோ அறையில் இருக்கிறவனுக்குக் கடல் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். அந்தக் குரலைத்தான் நான் இறுக்கிப் பிடித்தேன்.

"மகள், கையை நீட்டுங்கோ. விரலைப் படுக்கையா, கீழ் விரல் கடலோட ஒட்டப் பிடிங்கோ. இப்ப மேல தெரியிற வெளிச்சம் எத்தினையாவது விரல்ல நிக்குது?"

அவர் எண்ணுவது கேட்டது. "மூணு விரலுக்கு மேல, சேர்."

"முந்தித் தெரிஞ்சது?"

"அது விரலுக்கெல்லாம் வராது. தண்ணியில இருந்திச்சு."

"அது அணைஞ்சு இது தெரிய எவ்வளவு நேரம்?"

"நேரமே இல்லையே சேர். அது அணைய இது வந்திச்சு."

மூன்று விரல் ஏற அந்த நட்சத்திரத்துக்குக் கால் மணித்தியாலத்துக்கும் மேல் வேண்டும். தண்ணீரில் நின்றது கண் மூடித் திறக்க முதல் முகிலுக்கு மேலே பாய்ந்திருக்க ஏலாது. அவசரப்படாத நட்சத்திரம் அது. மற்றப் போனில் இதைச் சொன்னேன். மிஸ் மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"அப்ப ரெண்டு வெளிச்சம், ஐயா. மேல நிக்கிறது சுவாதி. கீழ நிண்டது ஆரோ கொளுத்தினது. கொளுத்த இனி ஒண்டுமில்லாமல் போயிருக்கும்."

தலைவரிடம் திரும்பிச் சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "இன்னொருக்கா இந்தச் சங்கம் நட்சத்திரத்துக்குப் பின்னால போட் விட்டதெண்டு ஊர் சிரிச்சா, நீர் இந்தக் கதிரையில இருக்கமாட்டீர். நானும் இருக்கமாட்டன்" என்றார். சொல்லிவிட்டு, மேசையில் இருந்த மைக்கை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த மனுசரைப் பற்றி யாராவது உங்களிடம் பகிடியாகக் கதைத்தால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புறாத்தீவுக்குப் பக்கத்தில் நின்றவன் சிவராசா. கூப்பிட்டேன்.

"சிவராசா, தேடுறதை விட்டிட்டு இறக்கக்கண்டிக் கரைக்கு நேரா வா. அங்க கரையில மோட்டச்சைக்கிள் லைட் போட்டு வைச்சிருப்பினம். அந்த லைட்டை முதுகில வைச்சுக்கொண்டு கடலுக்குத் திருப்பு."

"திருப்பி?"

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும். "முகிலுக்கு மேல ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது."

"அதைப் பிடிச்சுக்கொண்டு போ."

ரேடியோவில் மெசின் வேகம் குறைவது கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது.

"அண்ணை, அது சுவாதி."

"எனக்குத் தெரியும்."

"என்னை இன்னொருக்கா அதுக்குப் பின்னால ஓடச் சொல்லுறியளோ? விசரே உங்களுக்கு?"

"அந்த நட்சத்திரத்துக்கு நேர கீழதான் ஆரோ நெருப்புக் கொளுத்தினவை. இப்ப அணைஞ்சிட்டுது. எனக்கு வேற குறி இல்லை, சிவராசா. முன்னால நட்சத்திரம், பின்னால கரை லைட், ரெண்டுக்கும் நடுவில கோடு விலகாமல் போ. இடைக்கிடை மெசினை நிப்பாட்டிக் காது குடுத்துக் கேள். சரியா?"

அவன் பகிடி விடவில்லை. "ஓம் அண்ணை" என்றான்.

நான் போனில் சொன்னபடி, இறக்கக்கண்டிக் கரையில் ஹமீதா ஆட்களைப் பிடித்து, தான் நின்ற அதே இடத்தில் நாலைந்து மோட்டச்சைக்கிளைக் கடலைப் பார்த்து நிறுத்தி லைட் போட வைத்தார். அவர் போனை வைக்கவே இல்லை. சிவராசா கரைக்குக் கிட்ட வந்து கடலுக்குத் திரும்பியதை அவர்தான் எனக்குச் சொன்னார். அதன்பிறகு அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் போனின் இரண்டு பக்கத்தில் காத்திருந்தோம். மூச்சு மட்டும் கேட்கும். ஒரு தடவை, "சேர், இரிக்கீங்களா?" என்று கேட்டார். "இருக்கிறன் மகள்" என்றேன். ரேடியோவில் சிவராசா மெசினை நிப்பாட்டுவது கேட்கும், பிறகு மறுபடியும் இயக்குவது கேட்கும். ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் இன்னும் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்வேன். தலைவர் மூலையில் இருந்த பெட்டியில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எடுத்த முடிவு சரி என்று அந்த நேரம் எனக்குத் தெரியாது. இதை நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும். பிறகு கதை சொல்கிறவன் எல்லாம் தெரிந்தவன் மாதிரிச் சொல்லுவான். அந்தக் கதிரையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கேட்கவேண்டியதைக் கேட்டேன், பதிலை நம்பினேன், அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

மெசின் மறுபடியும் நின்றது. இந்த முறை இயக்கவில்லை. சிவராசா யாரையோ கூப்பிடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு மைக்குக்கு வந்தான்.

"அண்ணை, போட் தெரியுது. டோர்ச் அடிச்சுப் பாக்கிறம். ரெண்டு பேர். ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம்."

தலைவர் எழும்பி நின்றார். சிவராசா இன்னும் ஏதோ சொல்ல நினைக்கிறான் என்று தெரிந்தது.

"என்னடா?"

"எங்களை அவை பாக்கேல்ல அண்ணை. நாங்கள் கூப்பிடுறதும் அவைக்குக் கேக்கேல்ல, தாங்களே குளறிக்கொண்டு நிக்கினம். முதுகைக் காட்டிக்கொண்டு மற்றப் பக்கம் பாத்து, சட்டையைக் கழட்டி ஆட்டிக்கொண்டிருக்கினம். சுவாதியைப் பாத்துத்தான். கப்பல் ஒண்டு வருதெண்டு நினைச்சிட்டினம்."

பிறகுதான் முழுவதும் தெரியவந்தது. மெசின் பழுதாகி, நீரோட்டம் இழுத்து அங்கே கொண்டுபோயிருக்கிறது. பொழுதுபட்டதும் சாக்கு, வலைத்துண்டு, மிதவை என்று இருந்ததை எல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்து நெருப்பு அணைகிற நேரம் முகிலுக்கு மேலே ஒரு வெளிச்சம் வந்தது. கரைப் பக்கத்தில் இருந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டு, அதற்கே கையசைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நான் போனை எடுத்தேன். "மகள், கிடைச்சிட்டினம். ரெண்டு பேரும் சுகம்."

ஹமீதா "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதை ஏனோ அவருக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது. சொன்னேன்.

"நான் இஞ்ச ஊரெல்லாம் எழுப்பி லைட்டு அடிச்சிட்டு நிக்கன்," என்றார், "அவரு அங்கால பாத்துட்டு நிக்காரா? வீட்டுலயும் இப்பிடித்தான் சேர். கூப்பிட்டா ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பமாட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாக வந்தது. சின்னப் பிள்ளைபோல், ஆட்கள் நிற்கிறார்கள் என்ற கூச்சம் இல்லாமல், விம்மி விம்மி அழுதார். மற்றப் போன் மேசையில் திறந்தபடியே கிடந்தது, அதில் மிஸ்ஸும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளை அழுது முடியும்வரை நாங்கள் ஒருவரும் போனை வைக்கவில்லை. நீங்களும் வையாதேங்கோ.